நர்மதைக் கரையில் ஒரு ஜோங்கா

ஜபல்பூருக்கு வருகின்ற நம்மவர்கள் பேடாகாட்டில் படகேறிப் பளிங்குப் பாறைகளைப் பார்க்கின்றனர், துவாந்தார் அருவியின் நீர்ப்புகையில் சற்று நனைகின்றனர், மறுநாளே ரயிலேறிவிடுகின்றனர். அதில் குற்றமொன்றும் இல்லை. ஊரிலிருந்து உறவினர் வந்தால் நாங்களும் அங்கேதான் அழைத்துச் செல்கிறோம். ஆயினும் இந்நகரின் கிழக்கே இருக்கும் காமரியா, ராஞ்ஜி ஆகிய பேட்டைகளைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. ஜார்க்கண்டின் ராஞ்சி வேறு, எங்கள் ராஞ்ஜி வேறு என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அங்கே போக வேண்டிய உறவினர் ஒருவர் ஒருமுறை இங்கே வந்து இறங்கிய கதை எங்களிடம் உண்டு. அதை இன்னொரு சமயம் எழுதுவோம்.

ஜபல்பூர் செய்து அனுப்புகின்ற ஊர். 1904-ல் பீரங்கி வண்டித் தொழிற்சாலை இங்கே தொடங்கப்பெற்றது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் காமரியாவில் வெடிமருந்துத் தொழிற்சாலை வந்தது. 1969-ல் ராணுவ வாகனத் தொழிற்சாலை வந்தது. இங்கே உருவாவது எதுவும் இங்கே தங்குவதில்லை. லடாக்கிற்கும் ராஜஸ்தானத்திற்கும் அஸ்ஸாமுக்கும் போய்விடும். தொழிற்சாலை வேலைக்கென்று தெற்கிலிருந்து வந்த குடும்பங்கள் மட்டும் தங்கிவிட்டன. மார்கழிக் காலையில் குடியிருப்பு வழியே நடந்து போனால், வாசற்கோலத்தைக் கொண்டே தமிழர் வீடு எது என்று கண்டுகொள்ளலாம்.

ஜோங்கா என்னும் பெயர் ஏதோ ஆப்பிரிக்கச் சொல்லைப் போல் ஒலிக்கும். உண்மையில் அது ‘ஜபல்பூர் ஆர்ட்னன்ஸ் அண்ட் கன் காரேஜ் அசெம்ப்ளி’ என்பதன் எழுத்துகளைக் கோத்து ஆக்கிய பெயர். ஜப்பானின் நிஸான் கம்பெனி ‘பேட்ரோல்’ என்று ஒரு நான்கு சக்கர இயக்க வண்டி செய்து வந்தது. அதைச் செய்யும் உரிமையை நம் அரசாங்கம் பெற்று, ஜபல்பூரில் ராணுவத்துக்காகக் கட்டிய வண்டியே ஜோங்கா. ஆறு சிலிண்டர், பெட்ரோல் யந்திரம், கொள்ளளவு 3,956 கன சென்டிமீட்டர். அதிகாரிகள் ஏறிச் சென்றனர், ஆம்புலன்ஸாகவும் ஓடியது, பின்புறத்தில் பீரங்கியைப் பொருத்திக்கொண்டு எல்லையிலும் நின்றது. 1990-களில் ராணுவத்துக்கு மாருதியின் ஜிப்ஸி வந்து சேர்ந்தது. 1999-ல் ஜோங்கா செய்வது நின்றுபோயிற்று. 2019-ல் கிரிக்கெட் வீரர் தோனி ஒரு பழைய ஜோங்காவை வாங்கி ஓட்டியதைப் பத்திரிகைகள் படத்துடன் வெளியிட்டபோது, அது என்ன வண்டி என்று நாடெல்லாம் வியந்தது. ராஞ்சிக்காரருக்குத் தெரிந்த அருமை ராஞ்ஜிக்காரருக்குத் தெரியவில்லையே என்று எங்கள் பெரியவர் அன்று சிரித்தார்.

அந்தப் பெரியவரைப் பற்றிச் சொல்லாமல் வண்டியைப் பற்றிச் சொல்ல முடியாது. திருச்சிப் பக்கத்தவர். 1974-ல் வாகனத் தொழிற்சாலையில் சேர்ந்து 2009-ல் ஓய்வு பெற்றவர். இருபத்தைந்து ஆண்டு ஜோங்கா வரிசையிலேயே வேலை பார்த்தார். பின்பு பத்தாண்டு ஸ்டாலியன் லாரி வரிசையில். உறவு ஒன்றுமில்லாவிட்டாலும் நாங்கள் அவரை மாமா என்றும் அவர் மனைவியை அத்தை என்றும் அழைப்போம்.

2024-ஆம் ஆண்டு நவராத்திரியில், ஆயுத பூஜையன்று சுண்டல் வாங்கிக்கொள்ளப் போன எங்களிடம் அவர் செய்தியைச் சொன்னார். திருச்சியில் இருக்கும் மகள் இனித் தனியே இருக்க வேண்டாம் என்று வற்புறுத்துகிறாள். பொங்கலுக்குள் வீட்டைக் காலி செய்துகொண்டு புறப்படுகிறோம் என்றார். நாங்கள் என்ன சொல்வது என்று தெரியாமல் கொலுவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கொலுவின் கீழ்ப்படியில், வழக்கம்போல, அவர் தகரத்தில் செய்த சிறிய ஜோங்கா ஒன்று நின்றது.

“மாமா, நீங்கள் இதில் ஏறிப் பிரயாணம் செய்திருக்கிறீர்களா?” என்று எங்களில் ஒருவர் கேட்டார்.

“ஆயிரக்கணக்கான வண்டிகளை ஓட்டியிருக்கிறேன், தம்பி. ஒவ்வொன்றையும் இருபது அடி” என்றார்.

வரிசையின் கடைசியில், கட்டி முடிந்த வண்டியில் ஏறி, யந்திரத்தைக் கிளப்பி, முதல் கியரில் இருபது அடி நகர்த்தி, சோதனை ஓட்டுநர் கையில் ஒப்படைப்பது அவர் வேலையாயிருந்ததாம். தொழிற்சாலைக் கதவுக்கு வெளியே ஜோங்காவில் அவர் ஒரு நாளும் ஏறியதில்லை. அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. ரயிலில் போகிறவர்களுக்கெல்லாம் டிக்கெட் எழுதிக் கொடுத்துவிட்டு மேஜையிலேயே உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு மட்டும் அது சுருக்கென்று பட்டது.

எங்கள் மூவரைப் பற்றியும் இரண்டு வார்த்தை. இதை எழுதுபவர் ரயில்வே குமாஸ்தா. இன்னொருவர் பள்ளி ஆசிரியர். மூன்றாமவர் இளைஞர், பெரியவர் வேலை பார்த்த அதே தொழிற்சாலையில் இப்போது பணி புரிகிறார். 2021 அக்டோபர் முதல் தேதியன்று அரசாங்கத் தளவாடத் தொழிற்சாலைகளையெல்லாம் ஏழு கம்பெனிகளாகப் பிரித்தபோது, எங்கள் ஊர் வாகனத் தொழிற்சாலை ஆவடியில் தலைமையகம் கொண்ட கம்பெனியின் கீழ் வந்தது. ‘இங்கிருந்தபடியே எனக்குத் தமிழ்நாட்டில் வேலை கிடைத்துவிட்டது’ என்று அவர் சொல்லிக்கொள்வதுண்டு.

பாட்டன் தாலுகாவில் ஒரு விவசாயியிடம் ஓடாத ஜோங்கா ஒன்று கிடப்பதாக அவருக்குத்தான் தெரிந்திருந்தது. குளிர்காலத்தில் அப்பக்கம் போனால் கண்ணுக்கெட்டியவரை பச்சைப் பட்டாணி வயல். ஜபல்பூர்ப் பட்டாணி நாடெங்கும் போகிறது. அந்த விவசாயி ராணுவக் கழிவு ஏலத்தில் வண்டியை வாங்கி, பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டுத் திறந்த தட்டாக்கி, பத்துப் பன்னிரண்டு ஆண்டு பட்டாணி மூட்டை ஏற்றியிருக்கிறார். பிறகு பெட்ரோல் விலைக்குத் தாளாமல் வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டார். மூன்று மழைக்காலம் அது அங்கேயே நனைந்து கிடந்தது. நாங்கள் போனபோது ஓட்டுநர் இருக்கையில் கோழி ஒன்று அடை காத்துக்கொண்டிருந்தது. 1988-ல் கட்டிய வண்டி. பெயிண்டுக்கு மேல் பெயிண்டாக நான்கைந்து நிறம். டயர்கள் மண்ணில் பாதி புதைந்திருந்தன.

பெரியவரிடம் சொல்லாமலே விலை பேசினோம். ஒரு லட்சத்து 80,000-ல் தொடங்கி, மூன்று முறை தேநீர் குடித்தபின் ஒரு லட்சத்து 35,000-க்கு முடிந்தது. ஆளுக்கு 45,000. ரயில்வேயில் அவ்வாண்டு 78 நாள் போனஸாக வந்த 17,951 ரூபாய் அப்படியே போயிற்று. மீதிக்குக் கூட்டுறவுச் சங்கத்துக் கடன். வீட்டில் என்ன சொன்னார்கள் என்பதை எழுதுவது உசிதமன்று. மாப்பிள்ளை ஜோருக்குக் குறைவில்லை, மளிகைக் கடனுக்கும் குறைவில்லை என்ற அளவோடு நிறுத்துகிறோம்.

டிராக்டர் இழுத்துவர, ஜோங்கா ராஞ்ஜிக்கு வந்து சேர்ந்தது. பெரியவர் வாசலுக்கு வந்தார். மகிழ்ச்சியோ ஆச்சரியமோ காட்டவில்லை. வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். முன்சக்கரத்தருகே குத்திட்டு அமர்ந்து, சட்டத்தில் ஓரிடத்தைத் தம் சாவியால் சுரண்டினார். பெயிண்டும் கிரீஸும் உதிர உதிர, பொறித்த எண் தெரிந்தது. பதிவுப் புத்தகத்தில் இருந்த எண்ணோடு அது ஒத்துப்போனதைப் பார்த்தபின்புதான், “நம் பிள்ளைதான்” என்றார்.

நாள் குறுகியது. ரயிலில் முன்பதிவுக் காலம் 120 நாளாக இருந்தது, 2024 நவம்பர் முதல் தேதியிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. பெரியவர் தம்பதிக்குக் கங்கா காவேரி எக்ஸ்பிரஸில் கீழ்ப்படுக்கை இரண்டு எடுத்துக் கொடுத்ததும் நாங்களே. டிக்கெட்டை அவர் கையில் கொடுத்த அன்றே எங்களுக்குக் கெடு விழுந்துவிட்டது. அறுபது நாளில் வண்டி எழுந்து நடக்க வேண்டும்.

முதல் சிக்கல், யந்திரம் இறுகிவிட்டிருந்தது. ஆறு பிளக்கையும் கழற்றி, துளைகளில் டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றி, ஒரு வாரம் தொடாமல் வைத்தார் பெரியவர். எட்டாம் நாள் முன்புறப் புல்லியின் நட்டில் நீண்ட ஸ்பானரை மாட்டி, பலம் கொடுக்காமல், முன்னும் பின்னுமாக இம்மியளவு அசைத்துக்கொண்டே இருந்தார். இளைஞர் எட்டி உதைக்கப் போனார். “குழந்தையை எழுப்புகிறோம் தம்பி, திருடனை அல்ல” என்று தடுத்துவிட்டார். மாலை ஐந்து மணிக்கு அது ஒரு முழுச்சுற்றுச் சுற்றியது.

இரண்டாவது சிக்கல் யந்திரத்தில் இல்லை, எங்களுக்குள் இருந்தது. வண்டியைப் பார்க்க வந்த மெக்கானிக்குகள் அனைவரும் ஒரே குரலில், இந்தப் பெட்ரோல் யந்திரத்தைத் தூக்கி எறிந்துவிட்டு ஒரு பழைய டீசல் யந்திரத்தை வையுங்கள் என்றனர். நியாயமில்லாத யோசனையன்று. ஜோங்கா ஒரு லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் போவதே அரிது. பெட்ரோலோ 100 ரூபாயைத் தாண்டிவிட்டது. நாட்டில் இன்று ஓடும் ஜோங்காக்களில் பல டீசல் மாற்றப்பட்டவையே. ஆசிரியர் காகிதத்தில் கணக்குப் போட்டு, மூன்றாண்டில் செலவு திரும்பிவிடும் என்று காட்டினார். இதை எழுதுபவரும் அவர் பக்கமே சாய்ந்தார். கடன் வாங்கியவனுக்கு வேறு புத்தி எப்படி வரும்? யந்திரத்தை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி முன் அனுமதி பெற வேண்டும், அதற்கே இரண்டு மாதம் ஓடிவிடும் என்று இளைஞர் வாதாடினார். அவர் மனத்திலிருந்த காரணம் அதுவன்று என்பது எல்லோருக்கும் தெரியும். மூன்று நாள் ஒருவரோடொருவர் சரியாகப் பேசவில்லை.

பெரியவர் இதில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. வண்டி உங்களுடையது என்பதோடு நிறுத்திக்கொண்டார். நான்காம் நாள் ஆசிரியர் அவர் வீட்டுக்குப் போயிருக்கிறார். பெரியவர் திண்ணையில் பழைய துணியை விரித்து, யந்திரத்தின் பன்னிரண்டு வால்வுகளையும் எடுத்த வரிசை மாறாமல் அடுக்கி, ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருந்தாராம். ஆசிரியர் திரும்பி வந்து தம் கணக்குக் காகிதத்தைக் கிழித்துப் போட்டார். என்ன பேசினீர்கள் என்று கேட்டதற்கு, ஒன்றும் பேசவில்லை என்றார்.

வால்வு திரும்பிப் போய் அமர்ந்தது, யந்திரம் கிளம்பவில்லை. அவசரத்தில் நகருக்குள் ஒரு பட்டறையில் கார்ப்பரேட்டரைச் சுத்தம் செய்யக் கொடுத்திருந்தோம். திரும்பி வந்தது வேறொரு கார்ப்பரேட்டர். பளபளப்பாக இருந்ததைக் கண்டு நாங்கள் மகிழ்ந்து போனோம்; பெரியவர் கையில் வாங்கியவுடனே, இது நம்முடையதன்று என்றார். இரண்டு நாள் வாக்குவாதத்துக்குப் பிறகு, ஒரு ஜெட் குறைவாக, பழையது கிடைத்தது. அந்த ஜெட்டைத் தேடி ஊரிலுள்ள கபாடிக் கடைகளில் அலைந்து, டில்லி மாயாபுரியில் பழைய சாமான் விற்கும் ஒருவரிடமிருந்து வரவழைத்தோம். நெல்லிமுள் அளவு பித்தளைத் துண்டு. தபால் செலவே அதன் விலையைவிட அதிகம்.

அப்போதும் கிளம்பவில்லை. பின்னே புகைக்குழாயில் வெடித்ததே தவிர ஓடவில்லை. பெரியவர் டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து பிளக்குகளுக்குப் போகும் ஆறு ஒயர்களையும் பிடுங்கி எறிந்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, “ஒன்று, ஐந்து, மூன்று, ஆறு, இரண்டு, நான்கு” என்று சொல்லியபடி ஒவ்வொன்றாக மாட்டினார். ஆறு சிலிண்டர் ஒரு வரிசையில் நிற்கும் யந்திரத்தில் தீப்பொறி அந்த முறையில்தான் பாய வேண்டும். அடுத்தடுத்து வெடித்தால் நடுத்தண்டு அதிர்ந்துவிடும். பட்டாணி மூட்டை ஏற்றிய காலத்திலேயே யாரோ இரண்டு ஒயர்களை மாற்றி மாட்டியிருக்கிறார்கள். பாயிண்டின் இடைவெளியை அளக்கக் கருவி தேடினோம். அவர் தபால் கார்டை இரண்டாக மடித்துச் செருகினார். அதற்குமேல் திருகினால் சாவி திரும்பிய கையோடு யந்திரம் பற்றிக்கொண்டது. மார்கழி முதல் வாரம், மாலை ஆறேகால் மணி. அத்தை உள்ளேயிருந்து கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தார். “முப்பத்தைந்து வருஷம் இவர் சட்டையில் வந்த நாற்றம்” என்றார். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இங்கே பழைய பெட்ரோல் வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்குப் பயன்படக்கூடிய ஒரு விஷயத்தைக் குறிப்பிட வேண்டும். இப்போது நம் பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது. 2025-ல் அதன் பங்கு நூற்றுக்கு இருபதை எட்டியது. 1988-ல் வார்த்த ரப்பர் அதற்கென்று செய்யப்பட்டதன்று. எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களை உப்பவும் வெடிக்கவும் செய்கிறது. காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. தொட்டியின் அடியில் உறங்கிக் கிடக்கும் துருவை எழுப்பிக் கார்ப்பரேட்டருக்கு அனுப்பிவைக்கிறது. ஆகவே தொட்டியைக் கழற்றி, உள்ளே கூழாங்கல்லும் சங்கிலித் துண்டும் போட்டுக் குலுக்கிக் கழுவினோம். பெட்ரோல் பம்பின் சவ்வையும் குழாய்கள் அனைத்தையும் எத்தனால் தாங்கும் வகையாக மாற்றினோம். பல நாள் நிறுத்துவதானால் தொட்டியை நிரப்பியே நிறுத்துங்கள். வெற்றிடம் குறைந்தால் ஈரமும் குறையும்.

பிரேக், சேஸிஸ் தகரம், டிங்கரிங், பட்டை ஸ்பிரிங்குகளுக்குப் புதுப் புஷ்கள் ஆகியவற்றை விவரித்தால் இதழில் இடம் போதாது. மொத்தச் செலவு 88,000. பதிவுப் புத்தகத்தில் பின்புறம் பெஞ்சு இருக்கையும் கித்தான் கூரையும் என்றிருந்ததால், விவசாயி கழற்றியதை நாங்கள் மறுபடி அமைக்க வேண்டியதாயிற்று. பதினைந்தாண்டு கழிந்த வண்டிக்குத் தகுதிச் சோதனை செய்து ஐந்தாண்டுக்குப் பதிவைப் புதுப்பித்துக் கொடுப்பார்கள். முதல் முறை பின்புறப் பிரதிபலிப்பானும் ஒரு பக்கத்துத் திரும்பு விளக்கும் இல்லையென்று திருப்பி அனுப்பினர். நியாயமே. இரண்டாம் முறை தேர்ச்சி. கங்கா காவேரிக்கு அப்போது ஆறு நாள் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் புறப்பட்டோம். ஆசிரியர் ஓட்ட, அருகே அத்தை, மடியில் இட்லிப் பாத்திரத்துடன். பெரியவர் பின் பெஞ்சில் எங்களோடு உட்கார்ந்துகொண்டார். முன்னால் வர மறுத்துவிட்டார். பின்னாலிருந்தால்தான் கியர்ப்பெட்டியின் சத்தம் கேட்கும் என்றார். ஜனவரிக் குளிர் கித்தானின் இடுக்கு வழியே ஊசியாகக் குத்தியது.

பீரங்கி வண்டித் தொழிற்சாலையை ஒட்டிய குன்றுகளைக் கடந்தோம். அங்குள்ள படா சிம்லா குன்றில்தான் 1828-ல் ஸ்லீமன் என்னும் ஆங்கிலத் தளபதி மாபெரும் எலும்புகள் சிலவற்றைக் கண்டெடுத்தார். டைனோசார் என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை. 1877-ல்தான் அவ்வெலும்புகளுக்கு உரிய விலங்கிற்கு டைட்டனோசாரஸ் என்று பெயரிட்டனர். நகரைக் கடந்து மதன் மகால் குன்றடியில் வந்தபோது, ஒற்றை முனையில் நிற்கும் அந்தச் சமநிலைப் பாறையை அத்தை கும்பிட்டார். 1997 மே 22-ஆம் தேதிப் பூகம்பத்தில் நகரத்துக் கட்டடங்கள் பல பிளந்தன. அது மட்டும் அசையவில்லை. திரிபுரி காங்கிரஸ் 1939-ல் கூடிய பக்கத்தையும் தாண்டினோம். காய்ச்சலோடு வந்து சுபாஷ் சந்திர போஸ் தலைமை தாங்கிய மாநாடு அது. ஆசிரியர் அதைப்பற்றிப் பேசத் தொடங்கினார். யந்திரத்தின் இரைச்சலில் ஒரு சொல்லும் எங்களுக்குக் கேட்கவில்லை.

பேடாகாட்டுக்குப் போகும் முன் லமேட்டா படித்துறையில் இறங்குவதென்று தீர்மானம். புவியியலார் உலகெங்கும் ‘லமேட்டா’ என்று வழங்கும் பாறையடுக்கு இந்தச் சிற்றூரின் பெயரைப் பெற்றதே. நர்மதை அங்கே அகன்று, பச்சையாக, ஓசையின்றி ஓடுகிறது. படித்துறையை விட்டுச் சற்றுத் தள்ளி, வண்டித்தடம் ஒன்று மணலுக்கு இறங்கியது. ஆசிரியர் உற்சாகத்தில் வண்டியை அதில் விட்டுவிட்டார். இறங்கும்போது சுகமாக இறங்கியது. திரும்பி ஏற முயன்றபோது பின்சக்கரங்கள் இரண்டும் அச்சுவரை ஈரமணலில் புதைந்தன. பெட்ரோல் கொடுக்கக் கொடுக்க இன்னும் ஆழமாகத் தோண்டிக்கொண்டன.

நான்கு சக்கர இயக்கம் என்ற ஒன்று இருப்பது எங்கள் யாருக்கும் அந்த நேரத்தில் நினைவில்லை. இதற்காகவா இத்தனை பாடு என்று நீங்கள் சிரிக்கலாம். சாதாரணச் சாலையில் அதைப் போடக்கூடாது என்று பெரியவரே எச்சரித்திருந்தார். வண்டி திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் போகின்றன. இந்த வண்டியில் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் நடுவே அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்கும் பகுதி கிடையாது. கெட்டித் தரையில் பல்சக்கரங்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு இறுகிவிடும். மணலிலும் சேற்றிலும் சக்கரம் சற்று வழுக்குவதால் அந்த முறுக்கு அவிழ்ந்துகொள்ளும். ஆகவே அது வழுக்கும் இடத்துக்கே உரியது.

பெரியவர் மணலில் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு வண்டியைச் சுற்றி வந்தார். சக்கரங்களின் முன்னே மணலைக் கையால் ஒதுக்கினார். டயரில் காற்றைப் பாதியாக இறக்கச் சொன்னார். பிறகு ஆசிரியரைப் பார்த்தார். ஆசிரியர் ஒன்றும் சொல்லாமல் இறங்கி இடம் விட்டார். ஆற்றங்கரையில் அந்த நேரத்தில் நாங்களும், தூரத்தில் வலை உலர்த்திய ஒருவருமே இருந்தோம்.

எழுபத்தைந்து வயது மனிதர் அந்த உயரத்துக்கு ஏறியதைப் பார்த்து நாங்கள் கை கொடுக்க ஓடினோம், தேவைப்படவில்லை. கால் வைக்கும் இடம் கால்களுக்குத் தெரிந்திருந்தது. நெம்புகோலை நான்கு சக்கரத்துக்கும் தாழ்கியருக்கும் தள்ளினார். பெட்ரோலை மிதிக்கவில்லை, யந்திரம் தன் மெதுவோட்டத்திலேயே ஆறு சிலிண்டரும் எண்ணும்படி முழங்கியது. கிளச்சை விட்டார். முன்சக்கரங்கள் மணலைக் கவ்வின. ஜோங்கா ஒரு யானை எழுவதுபோல, முதலில் முன்புறமும் பிறகு பின்புறமுமாகக் குழியிலிருந்து எழுந்து, மேட்டில் ஏறத் தொடங்கியது. நாங்கள் பக்கத்திலேயே நடந்தோம். அவர் எங்களைப் பார்க்கவில்லை. மேட்டின் உச்சிக்கு வந்ததும் நிறுத்துவார் என்று நினைத்தோம், நிறுத்தவில்லை. வேப்பமரம்வரை ஓட்டிப் போய், வட்டமடித்துத் திருப்பி, நிறுத்தினார்.

இறங்கி வந்து, “எத்தனை அடி இருக்கும்?” என்றார்.

ஆசிரியர் நிஜமாகவே போய்க் காலடியால் அளந்தார். நானூற்றுப் பத்து என்றார். பெரியவர் தலையை அசைத்துக்கொண்டு, இட்லி எங்கே என்று கேட்டார்.

டயருக்குக் காற்றடித்துக்கொண்டு பேடாகாட்டுக்கும் போய் வந்தோம். துவாந்தார் வழக்கம்போல் அழகாக இருந்தது. அறுபத்து நான்கு யோகினிகள் கோவிலின் படிகளை அத்தை ஏற முடியாதென்று சொல்லிவிட்டு, எங்களுக்கு முன்பே ஏறி முடித்தார். போக வர எழுபது கிலோமீட்டர். பெட்ரோல் பதினைந்து லிட்டர். ஆசிரியர் அந்தக் கணக்கைச் சத்தமில்லாமல் போட்டதை நாங்கள் கவனித்தோம்.

வெள்ளிக்கிழமை அவர்களை ரயிலேற்றினோம். வீட்டுச் சாமான்கள் நான்கு நாள் முன்பே லாரியில் போய்விட்டன. பெட்டி இரண்டு, கொலுப் பொம்மைகள் வைத்த மரப்பெட்டி ஒன்று, ஆக மூன்றையும் ஜோங்காவின் பின்தட்டில் வைத்துத்தான் ஸ்டேஷனுக்குக் கொண்டு போனோம். இதை எழுதுபவருக்குப் பிளாட்பாரம் அன்றாடம் பார்க்கும் இடம். அன்று எந்தப் பெட்டி எங்கே நிற்கும் என்பதே மறந்துபோய், இரண்டு பெட்டி தள்ளி ஓடும்படி ஆயிற்று. மரப்பெட்டியைப் பெரியவர் யாரிடமும் கொடுக்கவில்லை. வண்டி நகரும்போது ஜன்னல் வழியே எதையோ சொன்னார். “டாப்பெட்” என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது.

பிறகு மாதம் ஒரு முறையாவது பேசுகிறார். திருச்சியில் வெயில், காவிரியில் தண்ணீர், பேரனின் பரீட்சை எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், வண்டியைக் கிளப்புங்கள் என்பார். நாங்கள் பானெட்டைத் திறந்து, டெலிபோனை யந்திரத்தின் மேல் பிடிப்போம். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு நிமிஷம் கேட்டிருந்துவிட்டு, மூன்றாவது சிலிண்டரில் வால்வு இடைவெளி அகன்றிருக்கிறது, மூடியைத் திறந்து பாருங்கள் என்றார். எங்கள் காதுக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. மூடியின் ரப்பர் வாஷர் பழையது. திறந்தால் மறுபடி பொருந்துமோ என்று சந்தேகமாக இருக்கிறது. மாயாபுரிக்குப் புதிது ஒன்றுக்கு எழுதியிருக்கிறோம். அது வந்ததும் திறந்து பார்ப்போம்.